நான்காவது பாட்டில் ஒரு மணி

வெள்ளிக்கிழமை வந்த இசைத்தட்டுக்கு
சனிக்கிழமை மாலைக்குள் தீர்ப்பெழுத உட்கார்ந்துவிட்டோம்,
ஹல் நகரத்தில், மீன்வறுவல் கடைக்கு மாடியில்,
க்ளெனிஸ் வீட்டு முன்னறையில்.
ஆறு பேர், ஐந்து நாற்காலி.
நான் அணைத்திருந்த ரேடியேட்டர் மேல்.

பதினான்கு வருடம் கழித்து
இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பம்.
ஒருவர் பாடுவார்.
மற்றவர் சிந்தசைசருக்குப் பின்னால்
வருமானவரி அதிகாரி மாதிரி அசையாமல் நிற்பார்.
எண்பத்திரண்டில் அவர்களைப் பார்த்துத்தான்
புருவத்தை மழித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.
ஒரு வாரம் அப்பா என்னிடம் பேசவில்லை.
முதலில் புருவம் வளர்ந்தது,
பேச்சு அப்புறம்.

"குரல் போச்சு" என்றாள் மாக்சீன்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.
"போகல. ஒரு மாடி கீழ குடிபோயிருக்கு" என்றாள் க்ளெனிஸ்.
ராட்னிக்குக் கவலை எல்லாம் ரிதம் பெட்டியைப் பற்றி.
"இது கம்ப்யூட்டர்ல போட்டது, அடிக்கு அடி சுத்தம்.
பழசு தடுமாறும். மழை நாள்ல இன்னும் தடுமாறும்."
சொந்தக்காரரின் மூட்டுவலியைச் சொல்வதுபோல் சொன்னான்.
அவன் மகள் இமொஜென், பத்தொன்பது வயது,
போனிலிருந்து கண்ணெடுக்காமல்,
"நல்லாத்தான் இருக்கு. மூணு பாட்டு அதிகம்."
மூன்றும் எவை என்று கேட்க
எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

எட்டாவது பாட்டு விவாகரத்தைப் பற்றி என்றாள் க்ளெனிஸ்.
யாருடைய விவாகரத்து?
"என்னோடது."
கீழே எண்ணெயில் எதையோ போடும் சத்தம்.
பிறகு அவளே சிரித்தாள்.

சண்டை வந்தது நான்காவது பாட்டில்.
இரண்டாம் சரணத்தில் ஒரு மணி வருகிறது,
மேலே, ரொம்ப மேலே.
"குத்துது, குறைச்சிருக்கணும்" என்றாள் மாக்சீன்.
"அதை எடுத்துட்டா பாட்டே இல்ல" என்றான் ராட்னி.
நாற்பது நிமிடம்.
பழைய ஆல்பங்கள் சாட்சிக்கு வந்தன,
ஜெர்மனியில் மட்டும் வெளியான ஒரு பதிப்பு,
யாரோ ஒரு பொறியாளரின் பெயர்,
ஆறிப்போன தேநீர்.

அதுவரை பேசாதிருந்த லெனாக்ஸ் கேட்டான்:
"எந்த மணி?"

கிண்டல் என்று நினைத்தோம்.
க்ளெனிஸ் எழுந்து முள்ளை மறுபடி வைத்தாள்.
மணி வந்தது. போனது. திரும்பவும் வந்தது.
லெனாக்ஸ் கண்மூடி
பேஸுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான்,
கப்பல் பட்டறையில் முப்பத்தோரு வருடம்
இரும்பின்மேல் இரும்பு கேட்ட தலை.

"இங்கதானே? நாலு எண்ணிக்கை
ஒண்ணுமே வாசிக்காம விட்டிருக்காங்க.
இந்த வயசுலதான் அப்படி விட
தைரியம் வரும்னு நினைச்சேன்.
ஆல்பத்துலயே எனக்குப் பிடிச்ச இடம் அது."

மாக்சீன் அப்போதுதான் கோட்டைக் கழற்றினாள்,
கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்ததுபோல.
இமொஜென் போனைக் கவிழ்த்து வைத்தாள்.
மதிப்பெண் நோட்டில்
ஏழு, ஐந்தரை, ஒன்பது, ஆறு என்றிருந்ததற்குக் கீழே
லெனாக்ஸ் பத்து எழுதி அடிக்கோடிட்டான்.

வீட்டுக்கு வந்து, விளக்குப் போடாமல்,
ட்ரெபிள் குமிழை இடது கோடி வரை திருப்பி
நான்காவது பாட்டைக் கேட்டேன்.
மணி மங்கியது, முழுக்கப் போகவில்லை.
கம்பளிக்கு அடியிலிருந்து கூப்பிடுவதுபோல் இருந்தது.
அவன் கேட்ட நாலு எண்ணிக்கை
எனக்குக் கிடைக்கவில்லை.

ஞாயிறு இரவு அவனே போன் செய்தான்.
வானிலை. கால்பந்து. பிறகு,
"அது எப்படி இருக்கும்? அந்த மணி?"

கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் என்றேன்.
இல்லை என்றேன்.
பனிமூட்டத்தில் ஹம்பர் ஆற்று மிதவை மணி,
அதையே நகம் அளவுக்குச் செய்தால்.

"ஓ, அதுவா" என்றான் லெனாக்ஸ்,
எப்போதோ கூட வேலைபார்த்த ஒருவனைப் பற்றி
நான் சொல்லிவிட்டதுபோல.