ஐந்தாம் எண்

பன்னிரண்டு பருவம் அவன் முதுகைத்தான் பார்த்தேன்.
கோல்கீப்பருக்கு வாய்த்தது அவ்வளவுதான்:
மழையில் ஊறிய ஐந்தாம் எண்,
அதற்கு மேல் குளிரில் சிவந்த கழுத்து.

வாகுர் மைதானத்தில் காற்று கடலிலிருந்து வரும்.
ஓங்கி உதைத்த பந்து எனக்கே திரும்பும்.
ரோக்வி திரும்பிப் பார்க்காமல்
கையை மட்டும் பின்னால் நீட்டி
"இரு" என்பான்.
இருப்பேன்.

அவன் வாழ்நாளில் அடித்த ஒரே கோல்
என்னைத் தாண்டித்தான் போனது, தோர்ஷவ்னில்.
படகில் வீடு திரும்பும்வரை
அதைப் பற்றிப் பேசவில்லை. இன்றுவரைக்கும்.

விழாமல் போன கோல்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

முழங்கால் போனதும் பயிற்சியாளர் ஆனான்.
மீன் ஆலையில் ஷிப்ட் முடித்து
எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறேன்.
ஒருவரையும் தாண்டவிடாதவனை
ஒரு வெள்ளைக் கோடு தடுத்து வைத்திருக்கிறது.
ரெஃப்ரி திரும்பினால் ஒரு கால் அதன்மேல்.

ஆட்டத்துக்கு நடுவே அவன் முகம், முதல்முறையாக.
உதடு அசைகிறது. வசவு என்றே
இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.
எண்ணுகிறான்:
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலாவது ஆள் எங்கே?

பின்வரிசைப் பையன் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிடுகிறான்.
யாரும் கைதட்டவில்லை.
ரோக்வியின் கை பின்னால் நீள்கிறது.
அங்கே பெஞ்சும் ஒரு தண்ணீர் பாட்டிலும்.

இந்தப் பக்கம், கம்பியைப் பிடித்தபடி,
இருக்கிறேன்.