நான்காவது கவுண்ட்டர்

பத்தாம் தேதிக்குள் வாடகை.
எட்டாம் தேதியே வந்துவிடுவாள்,
மீன் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து,
நெற்றியில் தலைவலையின் தடம் மாறாமல்.
உஸ்த்கா தபால் நிலையத்தில் அந்நேரம்
நானும் வெந்நீர்க் கெண்டியும்தான் விழித்திருப்போம்.

பதினான்கு நூறு, நான்கு ஐம்பது.
தாளெல்லாம் ஹெர்ரிங் வாடை.
இயந்திரத்தில் விட்டால் மதியம் வரை
ஓய்வூதியம் வாங்க வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள்.
கையாலேயே எண்ணுவேன்.

வங்கியில் கணக்குத் திறக்கலாமே
என்றேன் முதல் தடவை.
கைபேசியை நீட்டினாள்.
வங்கி குடியிருப்பு எண் கேட்கிறது.
குடியிருப்பு எண்ணுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும்.
மூன்று மாத வாடகை
தன் கணக்கில் வந்து விழட்டும்,
பிறகு கையெழுத்து என்கிறார் வீட்டுக்காரர்.
இத்தனையையும் கைபேசி
ஓர் ஆணின் குரலில், ரொம்ப மரியாதையாகச் சொன்னது.
அவள் என் முகத்தையே பார்த்திருந்தாள்,
அந்த ஆள் சரியாகச் சொல்கிறானா என்று.

படிவத்தில் இருபத்தாறு கட்டங்கள்,
வீட்டுக்காரர் குபியாக்கின் கணக்கு எண்.
எதையும் பாராமல் எழுதுவாள்.
உதடு மட்டும் அசையும், அவள் மொழியில்.
இருபது வருடமாக
எனக்குச் சம்பளம் வந்து விழும் கணக்கின் எண்
எனக்கு மனப்பாடம் இல்லை.

‘எதற்காக’ என்ற கட்டத்தில்
வாடகை என்று எழுதச் சொல்லிக்கொடுத்தது நான்.
டிசம்பரில் தானே எழுதினாள்,
ஒரு மெய்யெழுத்தை விழுங்கிவிட்டு.
எங்கள் சொற்களில்
மெய்யெழுத்துக்கா பஞ்சம்? விட்டுவிட்டேன்.

ஜனவரி இருபத்தொன்று.
அவள் தேதியே இல்லை.
பணம் இல்லை கையில், ஒரு ரசீது மட்டும்.
நவம்பர் வாடகை வரவில்லையாம்.
ஒப்பந்தம் கிடையாதாம்.
வெள்ளிக்குள் சாவி வேண்டுமாம்.
கைபேசி ஆள் இதையும்
அதே மரியாதையோடுதான் சொன்னான்.

ரசீதைத் திருப்பினேன்.
முத்திரை இருக்க வேண்டிய இடத்தில்
ஊதாவாகக் கால் வட்டம்.
ஊர்ப் பெயர் இல்லை, தேதி இல்லை.
யார் வேண்டுமானாலும்
ஒரு குவளையின் அடியால் குத்தியிருக்கலாம்.
குத்தியது நான்.
மைப்பட்டை காய்ந்து கிடந்த மாதம் அது.
புதியது கேட்டு எழுத வேண்டும்,
நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன்.

கணினியில் தேடினேன். பணம் போயிருக்கிறது.
சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் தலைமையகத்துக்கு விண்ணப்பம்,
பதினான்கு வேலை நாட்கள்.
விண்ணப்பத்தின் மூன்றாவது வரி:
விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்கு எண்.
கட்டாயம்.

அதை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

முத்திரைக் கட்டையைக் கவிழ்த்தேன்.
தேதிச் சக்கரங்கள் மூன்று,
பற்கள் தேய்ந்தவை, பின்னோக்கிச் சுற்றினால் முரண்டும்.
பேனா முனையால் நெம்பி
ஜனவரியைத் தள்ளினேன், டிசம்பரைத் தள்ளினேன்,
வருடத்தையும் ஒரு பல் இறக்கினேன்.
பிறகு முழங்கை வரை பலம் கொடுத்து
ஒரே குத்து.
உஸ்த்கா. எட்டு. நவம்பர்.
நாய்க்குக்கூடப் படிக்க வரும்.

யுர்லெய்தி மொஸ்கேரா,
ரசீதில் இருந்த பெயரை
அன்றுதான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
சிரித்தாள்; தப்பாகச் சொல்லியிருப்பேன்.
மை காயும்வரை தாளை ஊதி ஊதி
மடிக்காமலே எடுத்துப் போனாள்,
கதவை முதுகால் தள்ளிக்கொண்டு.

மாலையில் பூட்டும்போதுதான்
கட்டை கண்ணில் பட்டது.
அதற்குப் பின் வந்த இரண்டு பார்சல்,
நீதிமன்றத்துக்கு ஒரு பதிவுத் தபால்,
நாக்கால் நாலு முறை ஈரப்படுத்தி
ஒரு பையன் ஒட்டிய நீல உறை,
எல்லாமே போன வருட நவம்பரில்
கிளம்பிப் போயிருந்தன.

விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.
மைப்பட்டையைப் பற்றி மட்டும்
பதில் எழுதினேன்.