நாற்பத்துநான்காம் பக்கம்

மாவட்டத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது.
குழந்தையின் பெயர், வகுப்பு,
கோடையில் வாசித்த புத்தகங்களின் எண்ணிக்கை.
முப்பத்தொன்றாம் தேதிக்குள் அனுப்ப வேண்டுமாம்.
திங்கள்நகர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
மாடியில், இருக்கிற ஒரே மின்விசிறியின் கீழே
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் பெயர் ஆன்றோ ஜெபின், ஆறாம் வகுப்பு,
கோடிமுனையிலிருந்து வருகிறவன்.
ஏப்ரலில் எடுத்த திமிங்கிலப் புத்தகம்
இன்னும் அவன் வீட்டில்தான்.
மூன்று முறை புதுப்பித்தாயிற்று.
"வள்ளத்துல போறவங்க எல்லாரும் பாத்தாச்சு டீச்சர்.
அப்பா மட்டும் பாக்கி.
தங்கலுக்குப் போயிருக்காங்க."
நான் டீச்சர் இல்லை என்று
சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.
அவன் வாசித்தது ஒன்று.
அவன் வாசிக்கக் கேட்டவர்கள் பதினோரு பேர்,
அதில் இரண்டு பேர்
திமிங்கிலத்தை நேரில் பார்த்தவர்கள்,
புத்தகத்தோடு சண்டை போட்டார்களாம்.

அர்ஷிகா, ஏழாம் வகுப்பு, நுள்ளிவிளை.
தினம் இரண்டு எடுப்பாள்,
மறுநாள் இரண்டையும் பாதியில் கொண்டுவந்து வைப்பாள்.
பிடிக்கல.
இதுல அந்தப் பெண் அழுதுகிட்டே இருக்கா, பிடிக்கல.
இதுல எல்லாரும் நல்லவங்க, பிடிக்கல.
ஒரு முழு அலமாரி அவளுக்குப் பிடிக்காமல் போனது.
மே பதினேழு, மூன்றே முக்கால் மணிக்கு
தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.
எறும்புகளைப் பற்றி, படம்கூட இல்லாத
நீல அட்டைப் புத்தகம்.
ஐந்தரைக்கு அவளுடைய பஸ் போனது.
ஆறு மணிக்கு அடுத்ததும்.
என் சாவிக்கொத்து அவள் தலைக்கு மேல் குலுங்கியது
அவளுக்குக் கேட்கவில்லை.
கேட்காமல் போன அந்தச் சத்தத்தை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ரிஸ்வானா, திருவிதாங்கோடு.
துப்பறியும் கதையில் நாற்பத்துநான்காம் பக்கமும்
நாற்பத்தைந்தாம் பக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தன.
பிசின் வாசனையே சொல்லிவிட்டது.
"சக்கை தின்னுகிட்டே வாசிச்சியா?"
"இல்ல, வாசிச்சுகிட்டே தின்னேன்."
சேதத்துக்கு அபராதம் உண்டு, விதி இருக்கிறது.
நான் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பிரித்தேன்.
எண்ணெய் பட்ட தாள் கண்ணாடியாகி,
நாற்பத்துநான்கில் வருகிற திருடனின் பெயர்
நாற்பத்துமூன்றிலேயே இடம்வலமாகத் தெரிகிறது.
விஷயம் வெளியே போய்விட்டது.
இப்போது அந்தப் புத்தகத்துக்கு ஆறு பேர் வரிசை,
எல்லோரும் ஜன்னல் பக்கம் போய்
வெயிலில் பிடித்துப் பார்க்கிறார்கள்,
பார்த்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

சிவநேஷ் வாசிப்பதில்லை.
அம்மா அண்டி ஆபீஸிலிருந்து வரும்வரை
காற்றாடிக்காக வருகிறான்.
சும்மா இருக்க முடியாமல், ஒரு நாள்
புத்தகங்களை நிறம் பார்த்து அடுக்கிவிட்டான்.
கணக்கு கவிதையோடு, சமையல் சரித்திரத்தோடு.
நன்றாகத் திட்டினேன்.
அவன் நேர் செய்யுமுன் மணி அடித்தது, போய்விட்டான்.
மறுநாள்தான் மே பதினேழு.
பூச்சியியல் அடுக்கின் அடியில் ஒன்பது வருடம் கிடந்த எறும்பு
நீலத்தோடு நீலமாய், கடல்களுக்கு நடுவே,
ஒரு சிறுமியின் கண் உயரத்தில் நின்றது.
சிவநேஷ்: பூஜ்ஜியம் என்று எழுத
கை வரவில்லை.

கரும்பலகையில் நேற்று எழுதி வைத்தேன்:
பிடிக்காவிட்டால் மூடிவிடலாம்.
கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கலாம்.
சக்கை தின்னலாம், கை துடைத்தால் நல்லது.
கீழே யாரோ கோணல் எழுத்தில் சேர்த்திருக்கிறார்கள்:
தூங்கலாமா?
தூங்கலாம் என்று பதில் எழுதினேன்.

இன்று இருபத்தொன்பது.
படிவத்துக்கு எண்கள் வேண்டும், போட்டுவிட்டேன்.
ஒன்று. ஒன்றும் முப்பத்தெட்டுப் பாதிகளும்
என்று எழுதி, பாதிகளை அடித்துவிட்டேன்.
மூன்று. சிவநேஷுக்கு நேரே ஒரு கோடு மட்டும்.

ஆன்றோ படியேறி வருகிற சத்தம்.
கையில் புத்தகம் இல்லை.
கேட்பதற்கு முன்பே முத்திரையை எடுக்கிறேன்,
நான்காவது முறை.