பக்கம் 91

மில்வாக்கி. ஐம்பத்து நாலாம் வருஷத்துப் பிப்ரவரி.
ஆறு கட்டியாய்க் கிடக்கிறது.
பீர் ஆலைகளின் புளித்த மாவு வாடை
ஜன்னல் இடுக்கில் நுழைந்து
என் மேசைவரை வருகிறது.
பெர்னடீன் குளோசோவ்ஸ்கி என் பெயர்.
நாவல் ஒன்றுக்கு நான்கு டாலர்.
பிழை திருத்துகிறேன்.

இந்த வாரம் செவ்வாய்க்குப் போகிறார்கள்,
போன வாரம் வெள்ளி.
எங்கே போனாலும் கப்பலில் ஒருத்தி.
ஒருத்திதான்.

இவள் டாக்டர் ஆர்லீன், உயிரியல்.
பட்டம் ஒரு வரி தாங்கியது.
அடுத்த வரியில் கூந்தல் அவிழ்ந்தது;
இன்னும் நான்கு வரிக்கு
தோளில் இறங்கிக்கொண்டே இருந்தது.
உயிரியலைப் பற்றி ஒரு வார்த்தை
பேசுகிறாளா என்று கடைசிவரை தேடினேன்.
"காப்பி போடட்டுமா, கேப்டன்?"
இருக்கிறது. மூன்று இடத்தில்.

எடையற்ற அறையில்
காப்பி கோப்பைக்குள் இறங்காது, ஐயா,
உருண்டை உருண்டையாய் மிதக்கும்,
யாராவது துரத்தித் துடைக்க வேண்டும்
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
லண்ட்கிரென் அதை அடித்துவிட்டார்.
சுற்றுப்பாதைக் கணக்கையும் திருத்தியிருந்தேன்;
அதை அடிக்கவில்லை.

போரின்போது
பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று
கணக்குப் போட்டவள் நான்.
ஒரே கூடத்தில் முப்பது பெண்கள்,
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல்
கணக்குப்பொறிகளின் சத்தம்.
போர் முடிந்ததும் கேக் வெட்டினார்கள்.
திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார்கள்.

அட்டைப்படம் வந்தது நேற்று.
கேப்டனுக்குத் தலையில் கண்ணாடிக் குமிழ்,
கையுறை, காற்றுக்குழாய், முழங்கால்வரை பூட்ஸ்.
அவளுக்குப் பித்தளையில் இரண்டு கிண்ணம்.
மூச்சுக்குக்கூடக் காற்றில்லாத வெளியில்
அவள் கூந்தல் மட்டும் பறக்கிறது.
எந்தக் காற்றில்?
படத்துக்கு ஓரம் விடுவதில்லை,
எங்கே எழுதுவது.

பக்கம் 88.
எட்டுக்கால் ராட்சசன் தெரிகிறான்.
ஆர்லீன் அலறுகிறாள். மயங்குகிறாள்.
கதவைத் திறந்துபோட்டுவிட்டுக்
கேப்டன் வெளியே பாய்கிறான்.
பக்கம் 91.
ராட்சசன் கதவில் மோதுகிறான்.
நல்லவேளை, என்கிறார் எழுத்தாளர்,
கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

யார் தாழிட்டது?

திரும்பவும் படித்தேன்.
கப்பலில் வேறு ஆள் இல்லை,
ஒரு பூனைகூட இல்லை.
லண்ட்கிரெனிடம் கொண்டுபோனேன்.
மணி ஐந்தரை; தொப்பி கையில் இருந்தது.
"காலையில் அச்சு. நீயே
ஒரு வரி போட்டு அடைத்துவிடேன்."

ஒரு வரி.
ஐந்து நாற்பது பஸ்ஸை விட்டேன்.
ஆறு பத்தையும் விட்டேன்.
ஏழு விதமாய் எழுதி ஆறை அடித்தேன்.

*ஆர்லீன் எழுந்தாள், கதவைத் தாழிட்டாள்,
அழுத்தமானியைப் பார்த்தாள்,
மறுபடி படுத்துக்கொண்டாள்.*

அவ்வளவுதான்.
மயக்கத்தை நான் தொடவில்லை,
அது எழுத்தாளருடையது.

93-இல் கேப்டன் உள்ளே வந்து
கன்னத்தைத் தட்டுகிறான்.
மெல்ல இமை பிரித்து
"நான் எங்கே இருக்கிறேன்?" என்கிறாள்.
தெரியாதாமா அவளுக்கு!

உள்ளே தாழிட்ட கதவு.
வெளியே நின்றவன்
எப்படி வந்தான் என்று
லண்ட்கிரென் கேட்கவில்லை.
பென்சிலைச் சீவி
டப்பாவில் போட்டேன்.
நானும் கேட்கவில்லை.