இடப்பக்கக் கதவு

அமுக்கினால் அடையாது, அமுக்கினால் திறக்காது.
சில நாள் இரண்டும் ஒழுங்காக நடக்கும்,
அன்றைக்கு மெக்கானிக் லீவில் இருப்பான்.

நெய்யூர் விலக்கில் என் ஷெட்டுக்குள்
வெள்ளைக் காரை ஒதுக்கிவிட்டு ததேயு இறங்கினார்.
கதவைத் திறந்தபடியே போட்டார்.
ரெஜினாள் இறங்கவில்லை. இடப்பக்க இருக்கையில்
மீன் ஏலச் சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
"இவ பக்கத்து சுவிட்சுதான் ஷைனி.
இவ தொட்டா எதுவும் கெடும்."

தக்கலையில் சுவிட்சை மாற்றியிருக்கிறார்கள்.
அழகியமண்டபத்தில் பூட்டு மோட்டாரை.
இரண்டு பில்லும் டேஷ்போர்டில் வெயிலுக்கு வெளுத்திருந்தன.

நான் எதையும் மாற்றவில்லை.
இடக்கதவின் உள்பலகையைக் கழற்றினேன்.
கிளிப் ஒன்று உடைந்து உள்ளே விழுந்தது, அது எப்போதும் விழும்.
ஸ்பீக்கர் காந்தத்தைச் சுற்றி
மணவாளக்குறிச்சிக் கறுத்த மணல்,
இரண்டு நாள் தாடி போல.

விளக்கின் கவ்வி பேட்டரியில், ஊசி கறுப்பு வயரில்:
எரிந்தது. எர்த் உண்டு.
கவ்வி பாடியில், ஊசி சிவப்பு வயரில்:
இருட்டு.
ஃபியூஸ் நல்ல ஃபியூஸ்.
மீட்டரை வைத்தேன். பூஜ்யம் என்றது,
கடன் கேட்டுப் போன வீட்டில்
"அப்பா இல்ல" என்று பிள்ளை சொல்வது போல.

பத்து மணிக்கு வெயில் ஏறியது.
"ஏசி போடுதேன்" என்று ததேயு வலப்பக்கம் ஏறி
கதவை அறைந்து சாத்தினார்.

என் கையில் விளக்கு எரிந்தது.

"அந்தக் கதவத் திறங்க." அணைந்தது.
"சாத்துங்க." எரிந்தது.
"திறங்க."
"வெளையாடுதியா?"
"இன்னொருக்க."

இந்த வண்டியில் அவள் சுவிட்சுக்கு மின்சாரம்
நேரே போவதில்லை.
அவர் கதவுக்குள் நுழைந்து, அவர் சுவிட்சைத் தொட்டு,
கீலோரத்து ரப்பர் குழாயில் திரும்பி வந்து,
டேஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்கே நடந்து
அப்புறம்தான் இவள் பக்கம்.

ரப்பரை உருவினேன். சிவப்பு வயர் முழுசாகத்தான் இருந்தது.
விரலில் மடக்கியபோது ஓரிடத்தில் மட்டும்
எலும்பில்லாமல் தொய்ந்தது.
உறையைக் கீறினால் உள்ளே பச்சைப் பொடி.
விடியுமுன் குளச்சல் துறைமுகத்தில்
வலக்கதவைத் திறந்துபோட்டு அவர் ஏலம் கேட்ட
நாட்களின் உப்பு.

ஒரு சாண் புது வயர், கொஞ்சம் ஈயம், சுருங்குகுழாய்.
ஒட்டு மடிப்பில் விழாதபடி தள்ளி வைத்தேன்.

ரெஜினாள் சீட்டுகளுக்கு ரப்பர் வளையம் போட்டாள்.
ஒற்றை விரலால் அமுக்கினாள். நாலு கதவும் டக்.
மறுபடி அமுக்கினாள். டக்.
டக். டக். டக்.
"போதும், மோட்டார் போயிரும்" என்றார் ததேயு.
டக்.

நாநூற்று ஐம்பதுக்கு பில் எழுதினேன்.
பழக்கத்தில் 'இடக்கதவு' என்று தொடங்கி,
அடித்துவிட்டு 'வலக்கதவு' என்று எழுதினேன்.
அவர் கை நீட்டுமுன் அவள் வாங்கிக்கொண்டாள்,
வாசித்தாள்,
வெளுத்த இரண்டு பில்லுக்கும் மேலே
எழுத்து தெரியும்படி வைத்தாள்.