மூன்று சுற்று

ஒன்பது நாளாக எங்களுக்குள் பேச்சில்லை.
பேசியதெல்லாம் கார்தான்.
வேகத்தடை ஒவ்வொன்றிலும் டொக், டொக்கென்று
இடது முன்சக்கரத்துக்கு மேலே
உள்ளே விடச்சொல்லி யாரோ தட்டுவதுபோல.

கூலி நாலாயிரம் ராண்ட் என்றார்கள் கராஜில்.
அந்த நாலாயிரமும் அதன் அண்ணன் தம்பிகளும்
பிரெகலாதனிடம் இருக்கின்றன. இவனுடைய பெரியப்பா மகன்.
டர்பனில் சின்ன லாரிக்குப் பக்கி என்று பெயர்.
வாங்கியவனுக்குப் பக்கி,
கொடுத்த எங்களுக்குப் பாக்கி.
என்னைக் கேட்காமல் கொடுத்தது இவன்.

சாட்ஸ்வர்த்தில் சமதளம் என்பது
கீழ்வீட்டுக்காரர் கூரைதான்.
எங்கள் முற்றமும் சரிவு.
சனிக்கிழமை, ஹடீடாப் பறவைகள் கத்தி ஓய்ந்ததும்
சத்தியசீலன் பின்சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்தான்,
ஜாக்கியில் ஏற்றினான், ஸ்டாண்டில் இறக்கினான்,
தோளால் வண்டியை ஒருமுறை உலுக்கிப் பார்த்தான்.
அவன் உலுக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது.
சொல்லவில்லை.

கீழ் போல்ட்டைக் கழற்றுமுன்
அது நின்ற கோணத்தைக் குறித்துவைக்க வேண்டும்.
எண்ணெய்ப் பிசுக்கில் பேனா எழுதாது.
என் நகப்பூச்சை எடுத்துவந்து நானே கோடு போட்டேன்.
யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கிய சிவப்பு.

போல்ட் அசையவில்லை.
கடற்காற்றும் பதினெட்டு வருடமும் சேர்ந்து கடித்திருந்தன.
அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், போல்ட்டிடம்.
எண்ணெய் விட்டோம்.
தேநீர் குடித்தோம், ஆளுக்கொரு மூலையில்.
அப்புறம் ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி
இருவருமாகத் தொங்கினோம்.
கிரீச்சென்று ஒத்துக்கொண்டது.

ஸ்பிரிங்தான் பயம்.
எதிரெதிர்ப் பக்கம் இரண்டு கொக்கி, இரண்டு திருகு.
ஒருபக்கம் அதிகம் இறுகினால் வளையும்.
வளைந்தால் பாயும். பாய்ந்தால் தாடை இருக்காது.
"மூணு சுத்து," என்றான். திருகினேன்.
"மூணு," என்றேன். திருகினான்.
முகத்தை நேரே வைக்காதே என்பதை
என் கன்னத்தைக் கையால் ஒதுக்கிச் சொன்னான்.
ஒன்பது நாளில் முதல் தொடுகை. கிரீஸ்.
மூணு.
மூணு.

பழைய டாம்பர் அழுத்தினால் அழுந்தியபடியே கிடந்தது.
புதியது, அழுத்திய கையையும் தூக்கிக்கொண்டு
மெல்லத் தானே எழுந்தது.

அப்போதுதான் மதிலிலிருந்து இறங்கியது குரங்கு.
மஞ்சள் நிற பம்ப் ஸ்டாப்பைப்
பழமென்று நினைத்துக் கவ்விக்கொண்டு
கூரைமேல் ஏறிவிட்டது.
"சீலா! குரங்கு!"
பேசிவிட்டேன்.
ஸ்பானரோடு அண்ணாந்து பார்த்தவன்
"உன் தம்பி ஜாடை," என்றான்.
"என் தம்பி வாங்கினதைத் திருப்பித் தருவான்," என்றேன்.
கொஞ்சநேரம் கூரையில் மட்டும் சத்தம்.
ஒரு வாழைப்பழம் எறிந்தோம். பேரம் படிந்தது.
பல் பதிந்த அந்த ரப்பர் இப்போது
இடதுபக்க ஸ்பிரிங்குக்குள் இருக்கிறது.

வலதுபக்கத்தில் ஒரு குறையும் இல்லை.
ஆனாலும் ஜோடியாகத்தான் மாற்றவேண்டும் என்றது
டாம்பர் வந்த பெட்டி.
அதையும் முடிக்க நாலு மணி.

ஓட்டிப் பார்க்கப் போனோம்.
பள்ளிக்கூடத்து வேகத்தடை. ஒன்றுமில்லை.
கோயிலருகே. ஒன்றுமில்லை.
நம்பாமல் திருப்பி, மறுபடி அதே தடையில் ஏற்றினான்.
அந்த டொக் டொக் இல்லாமல்
காருக்குள் அவ்வளவு இடம் இருந்தது.
எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும்.
அவன் தொண்டையைச் செருமினான்.
"மாசம் ஐநூறு தர்றேன்னு சொல்றான்."
"எந்த மாசத்துலருந்து?"

பதிலுக்கு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினான்.
கார் தன்பாட்டுக்கு இடதுபுறம் ஒதுங்கிக்கொண்டே போனது.
நகப்பூச்சுக் கோட்டில் மயிரிழை பிசகியிருக்கிறது.
"திங்கட்கிழமை அலைன்மென்ட்," என்றான்.
"அதுக்கு யார் காசு?" என்றேன்.