பதினாறுக்குப் பிறகு பத்தொன்பது

குருநகரில் எனக்கு இது இரண்டாவது நத்தார்.
கோப்பாய்க்காரிக்குப் போன வருசம்
கேக் வெட்டக் கத்தியைத் தந்தார்கள்.
இந்த வருசம் புத்தகத்தையே தந்துவிட்டார்கள்.

அட்டை இல்லை.
முதுகில் நைலோன் நூல்,
வலை பொத்துகிற அதே நூல்,
மாமா போட்ட முடிச்சு.
நடுச்சாமப் பூசைக்கு முதல்
இருந்த இருப்பில் வாசித்து முடிக்கவேணும்.
இருமலாம். தண்ணீர் குடிக்கலாம்.
எழும்பக் கூடாது.

வெளியே மழை.
பாலன் குடிலின் சோடனை லைற்
ஒரு நிறத்தில் மட்டும் எரிகிறது.
எனக்குச் சாமியார் மாதிரி இழுத்து வாசிக்கத் தெரியாது.
பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற குரல்தான் வந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.

பதினாறாம் பக்கத்தின் அடியில்
சத்திரக்காரன் மனைவி
கைவிளக்கோடு தொழுவத்து வாசலுக்கு வருகிறாள்.
உள்ளே பார்க்கிறாள். வாய் திறக்கிறாள்.

அதோடு ஒரு தாள் இல்லை.

பத்தொன்பது இப்படித் தொடங்குகிறது:
‘என்று சொல்லிவிட்டு அழுதாள்.’

என்னத்தைச் சொன்னாள்?
அதை வாசிக்கிற ஆள்தான் இட்டு நிரப்பவேணும்,
இந்த வீட்டுச் சட்டம்.
மாமா ஒருமுறை ‘வாடகை வேண்டாம்’ என்றாராம்,
மீன் கூறுகிற இடத்தில் பத்து ரூபாய்க்குச் சண்டை பிடிக்கிற மனுசன்;
அந்தச் சிரிப்பில் அந்த வருசம் பூசைக்கே பிந்திப் போனார்களாம்.
என்ர டெஸ்மன் பன்னிரண்டு வயதில்
‘ஊரடங்கு, பிள்ளையை அழவிடாதேங்கோ.’
கொன்சலாற்றா மச்சாள் ஒஸ்லோ போக முந்தின நத்தாரில்
ஒன்றுமே சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினாவாம்.
போன வருசம் அபிஷன்:
‘வைஃபை பாஸ்வேர்ட் எனக்கும் தெரியாது.’

நான் கோப்பாயில் இருந்தே ஒன்று யோசித்து வந்திருந்தேன்.
நல்ல வசனம். இப்போது மறந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அதிர்ந்தது.
கொன்சலாற்றா மச்சாள்.
ஒஸ்லோவில் ஆரோ ஒருவரின் பெட்டிக்குள்
இதே புத்தகம், முழுசாக.
பதினேழும் பதினெட்டும் படமெடுத்து அனுப்பியிருக்கிறா.
மங்கலாக, சின்னதாக, திரையில்.

“பெரிசாக்குங்கோ, பெரிசாக்குங்கோ சித்தி!”
அபிஷன் என் தோளில் ஏறிவிட்டான்.

“திறவாதை,” என்றா மாமி.

பயத்தம் பணியாரத் தட்டைத்
தேவையில்லாமல் ஒருக்கால் அரக்கி வைத்தா.

“அது கறையான் அரிச்சதில்லை.”

முப்பது வருசமாய்க் கறையான் என்றுதான் கதை.
மாமா நிமிர்ந்து பார்த்தார்.

“மிருசுவில் பள்ளிக்கூடத்தில கிடந்தம்.
இடம்பெயர்ந்த வருசம்.
இவன் பிறந்து நாப்பத்தொரு நாள்.
எனக்குப் பால் வத்திப்போச்சு,
மாப்பால் கரைக்கச் சுடுதண்ணி வேணும்.
கையில கிடந்த காஞ்ச சாமான் இது ஒண்டுதான்.
ஒரு தாள்தான் கிழிச்சனான்.
இன்னொண்டு கிழிக்கக் கை வைக்க
அடுப்புப் பத்திட்டுது.”

டெஸ்மன் வாய்க்குள் கேக்கோடு இருந்தான்.
மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

மாமா கேட்டார்:
“அப்ப ஏனப்பா கறையானில பழியைப் போட்டனீ?”

“வேதப் புத்தகத்தை எரிச்சவள் எண்டு
உங்கட அம்மா பேசுவா எண்டு பயம்.”

“இது வேதப் புத்தகமில்லை, வெறும் கதைப் புத்தகம்.”

“அது இப்ப எனக்குத் தெரியும்.”

கோயில் முதல் மணி அடித்துவிட்டது.
இன்னும் பதினொரு பக்கம் கிடக்கிறது.
ஆரும் எழும்பவில்லை.
நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கைவிளக்கோடு அவள் வாசலில் நிற்கிறாள்,
இத்தனை வருசமாய்த் திறந்த வாய் மூடாமல்.

‘விறகெல்லாம் ஈரம்’

தாளைத் திருப்பினேன்,

‘என்று சொல்லிவிட்டு அழுதாள்.’

மாமி அழவில்லை.
“சத்தமா வாசி,” என்றா,
“மழை இரைச்சல், ஒண்டும் விளங்கேல்லை.”